ரெஃபரல் படிவத்தின் நான்காவது கேள்வி

உங்களில் மூன்று பேர், ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே கேள்வியை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்: "மேடம், ரெஃபரலில் வரும் ஆட்களை எவ்வளவு நம்பலாம்?" நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே தடவை எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் 'வெரி இன்ஸ்பைரிங் மேடம்' என்று கைகூப்பும் பொம்மையோடு யாரும் பதில் போடாதீர்கள். அப்படிப் போடும்படி இதில் ஒன்றும் இல்லை.

ஆள் எடுக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கடைசிப் பதினான்கு வருடம் விக்ரோலியில், மருந்துகளைக் குளிரில் வைத்திருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை வேலைக்குச் சொல்லலாம், அந்த ஆள் ஆறு மாதம் நிலைத்துவிட்டால் சொன்னவருக்குப் பரிசு என்ற திட்டத்தை அங்கே கொண்டுவந்தவளே நான்தான். சிபாரிசு என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் ரெஃபரல் என்றால் சுளிப்பதில்லை. அதற்கான படிவத்தையும் நானே தயாரித்தேன். அதன் நான்காவது கேள்வி: 'இவரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?' வருடங்கள் கூடக்கூட மதிப்பெண் கூடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன்.

மக்கள் என்னென்ன எழுதினார்கள் தெரியுமா? 'பிறந்ததிலிருந்து' என்று ஒருவர். யார் பிறந்ததிலிருந்து என்று கேட்டால், "நான் பிறந்ததிலிருந்து மேடம், அவர் எனக்கு மூத்தவர்" என்றார். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் ஒரு பையனைச் சொன்னார். தங்கமானவன், ஆறு வருடமாகத் தெரியும் என்றார். நேர்முகத்தில் அந்தப் பையனே உளறிவிட்டான்: இவருடைய தங்கைக்கு அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, ஆள் எப்படி என்று ஆறு மாதம் பக்கத்து மேஜையில் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்று அண்ணன்காரர் யோசித்திருக்கிறார். நாங்கள் எடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது, நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி.

இதையெல்லாம் சொல்லிப் பயிற்சி வகுப்புகளில் உங்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கிடங்கில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. பெயர் பெரிது, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி கிளம்பும் முன் உள்ளே குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டைத் தாண்டியிருந்தால் போடக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், மேனேஜர் தலைக்கு மேல் நின்று கத்துவார். அதற்கு நடுவில் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மற்றதைச் செய்தேன்.

முதலில் என் ஜன்னலுக்கு வந்தவர் மைதீன் பாய். தாராவியில் இருப்பவர், கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். பதினாறு வருடமாக வண்டிகளில் சரக்கு ஏற்றும் மேடையில் வேலை. மேடைக்காரர்களுக்கு ஆபீஸ் மெயில் கிடையாது. அதனால் அவர்கள் வாயால் சொல்ல, நான் கம்ப்யூட்டரில் தட்டுவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண், பெயர் எஸ்தர், பி.காம் என்றார்.

"எத்தனை வருஷமா தெரியும் பாய்?"

"ஒன்றர வருஷம் இருக்கும் மேடம்."

"அவ்வளவுதானா? கொஞ்சம் கூட்டிப் போடட்டுமா?"

"எதுக்கு? ஒன்றர வருஷந்தான். எங்க வீட்டுக்குக் கீழ பை தைக்கித ஒர்க்‌ஷாப்பு. அந்தப் புள்ள அங்கன செக்கிங். ஏறும்போதும் எறங்கும்போதும் நான் பாக்குதேன்லா."

"என்ன பார்த்தீங்க?"

"போன நோன்புக்கு முந்தி ஒரு டெலிவரி நாளு. டெம்போ வாசல்ல நிக்கி. நாப்பது பையில ஜிப்பு சரியில்லன்னு இவ தனியா எடுத்து வச்சிட்டு அதும்மேலயே உக்காந்துட்டா. சேட்டு இந்தியில வையுதாரு, மராட்டியில வையுதாரு. எந்திரிக்கலயே! 'மொதல்ல என்னய வேலய விட்டுத் தூக்குங்க, பொறவு பையத் தூக்குங்க'ங்கா. கடைசியில அந்த நாப்பது இல்லாமத்தான் டெம்போ போச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கோவம் வரும், பாத்துக்கோங்க. இங்கிலீசு சுமாரு. அதயும் எழுதிக்கிடுங்க. மறச்சிச் சொன்னா நாளைக்கு எனக்குல்லா அசிங்கம்." பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு மேடம். நம்ம மேடையில மீட்டரு ஏறி நிக்கும்போதும் வண்டிய விடச் சொல்லுதாங்க. ரெண்டு தடவ நான் வண்டிக் கதவ மூடாமயே நின்னு பாத்துட்டேன். கதவ மூடாம வண்டி கெளம்ப முடியாதுல்லா? ஆனா நான் லோடிங்காரன், எம் பேச்சு எத்தன நாளு எடுபடும்? கையெழுத்துப் போடுத எடத்துல அந்தப் புள்ள இருக்கணும். அதுக்குத்தான் சொல்லுதேன். அதயும் போடுங்க."

நான் தட்டியது இது: 'விண்ணப்பதாரர் நுணுக்கமான கவனம் உடையவர். கடின உழைப்பாளி. அறிமுகம்: ஒன்றரை ஆண்டு.'

"எல்லாம் எழுதியாச்சா மேடம்?"

"எழுதியாச்சு பாய்."

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிறது. படிவத்தில் அந்தக் கட்டம் சிறியது. அதில் நாற்பது பையும் ஜிப்பும் சேட்டும் அடங்கமாட்டார்கள். எல்லோருக்கும் தட்டும் வரியை அவருக்கும் தட்டினேன். நீங்களும் தட்டுகிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், உங்கள் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். மாட்டுங்காவில் நானும் என் மகள் அபர்ணாவும் இருக்கிறோம். அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வேலை பார்த்த சின்னக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் எல்லோரையும் அனுப்பிவிட்டது. அதன்பின் பதின்மூன்று மாதம். விண்ணப்பங்கள் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினோம். முதலில் மத்தியானம் எழுந்தாள். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் நான் வேலை கொடுக்கிறேன், என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கப் போனால், தெரிந்தவர்கள் "அபர்ணா என்ன பண்றா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தேன்.

விஜி என் ரயில் சிநேகிதி. தாதரில் ஏறி எனக்கு இடம் போட்டு வைப்பாள். நான் மாட்டுங்காவில் ஏறி விக்ரோலியில் இறங்குவேன். அவள் தானே வரை போவாள், அங்கே ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பெண்கள் பெட்டியில் பதினோரு வருடம், தினம் இருபது நிமிஷம். அவளுக்கு எந்த முழங்கால் வலி என்று எனக்குத் தெரியும். அவள் வீடு எந்தத் தெருவில் என்று தெரியாது. ரயில் சிநேகிதம் அப்படித்தான். அதில் குறையும் இல்லை. அதைப் படிவத்தில் ஏற்றும்போதுதான் குறை.

கொத்தவரங்காயை மடியில் வைத்து நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "உன் பொண்ணு ரெஸ்யூமேயை அனுப்பு. எங்க ஆபீஸ்ல நான் போட்டுடறேன்."

"நீ அவளைப் பார்த்ததே இல்லையேடி."

"உன்னைப் பதினோரு வருஷமா பார்த்துண்டிருக்கேனே, போறாதா? உன் டிபன் டப்பாவைத் திறந்தாலே குடும்பம் தெரிஞ்சுடும்." கத்தியை நிறுத்தினாள். "எங்க ரோஹித்துக்கும் ஒண்ணு பாரேன். நல்ல பையன் கீதா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான்."

எதிர் சீட்டில் இருந்த மராத்திக்காரி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தியில், "என்ன, பையனுக்கும் பொண்ணுக்கும் சம்பந்தம் முடியறதா?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சம்பந்தம் அங்கேதான் முடிந்தது. அவள் என் மகளை அவள் ஆபீஸில் சொல்வாள். நான் அவள் மகனை என் ஆபீஸில் பார்த்துக்கொள்வேன். காகிதத்தில் யாருக்கும் யாரும் உறவில்லை.

ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்கள் யாரையும் ரெஃபர் செய்யக்கூடாது. அந்த விதியை எழுதியவளும் நான்தான். அதனால் ரோஹித்தின் ரெஸ்யூமேயை எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் கையில் கொடுத்தேன். "தெரிந்த பையன், உங்கள் பெயரில் போட்டுவிடுங்களேன்" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டார். நான்காவது கேள்விக்கு 'நான்கு வருடம்' என்று எழுதினார். ரோஹித்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

நேர்முகத்தில் அவரும் நானும் மட்டும். ரோஹித், எஸ்தர் இருவரிடமும் அவர் ஒரே கேள்வியை இந்தியில் கேட்டார்: "மீட்டர் ஒன்பதில் நிற்கிறது. நான் வண்டியை விடச் சொல்கிறேன். என்ன செய்வாய்?"

ரோஹித் அழகாக உட்கார்ந்து, "உங்கள் அனுபவத்தை மதிப்பேன் சார். எல்லோரையும் கலந்து ஒரு தீர்வுக்கு வருவேன்" என்றான்.

எஸ்தர், "மீட்டர் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம் சார்?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அப்போ ஏன் விடச் சொல்றீங்க?"

"நான் மேனேஜர். நான் சொல்கிறேன்."

"அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க. பேனா இருக்கா?"

அவள் வெளியே போனதும் அவர், "வாய் ஜாஸ்தி, பையனையே எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நேர்முகத் தாளில் என் கட்டம் ஒன்று உண்டு. அதில் நான் 'ஆட்சேபம்' என்று எழுதினால் மேலதிகாரி பார்க்காமல் யாரையும் எடுக்க முடியாது. என் கை 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதியது. எழுதும்போது அபர்ணாவின் ரெஸ்யூமே தானேயில் ஒரு மேஜைமேல் இருந்தது.

மூன்று வாரத்தில் அபர்ணாவுக்கு விஜியின் ஆபீஸில் வேலை கிடைத்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்றார்கள். முதல் வாரத்திலேயே அறைக்கதவு திறந்தது. குளியலறையில் பாட்டு. "அம்மா, சட்னியில உப்பே இல்லை" என்று குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். பதின்மூன்று மாதமாக அவள் எதிலும் உப்பு பார்த்ததில்லை.

ரோஹித் கெட்டவன் இல்லை. எல்லோருக்கும் குட் மார்னிங் சொன்னான். சொன்னதைச் செய்தான். அதுதான் நடந்தது. மே மாதம் ஒரு மத்தியானம், குழந்தைகளின் தடுப்பூசி மருந்து ஏற்றிய வண்டி. மீட்டர் பதினொன்றைக் காட்டியது. மைதீன் பாய் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் மேலிருந்து போனில், "விடு, விடு, போகிற வழியில் குளிர்ந்துவிடும்" என்றார். ரோஹித் கையெழுத்துப் போட்டான். வேறொரு ஆள் வந்து பாயை விலக்கிக் கதவைச் சாத்தினான். வண்டி போனது.

ஆஸ்பத்திரி மருந்தாளுநர் மருந்துப் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியின் பதிவைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். கடவுள் புண்ணியம், ஒரு ஊசியும் போடப்படவில்லை. ஆனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களை 'நாளை மறுநாள் வாங்க' என்று அனுப்பினார்களாம்.

விசாரணை வந்தது. மேடையில் கேமரா இருக்கிறது. அதில் சத்தம் வராது. படத்தில் தெரிவது: ஒரு லோடிங்காரர் ஏழு நிமிஷம் வண்டிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். 'கதவு திறந்திருந்ததால் குளிர் போனது' என்று மேனேஜர் எழுதினார். அப்படியே ரோஹித்தும் எழுதினான். என் அறைக்கு வந்து, "சார் எழுதச் சொன்னார் ஆன்ட்டி, எழுதிட்டேன்" என்று விசும்பினான். அவனை எங்கே போய் அடிப்பது? எதிர்த்துப் பேசமாட்டான் என்று முன்பே சொல்லித்தானே கொடுத்தார்கள்.

மைதீன் பாயை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அன்று சாயங்காலம் ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், எஸ்தருக்காவ நான் சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்லா? மீட்டரு ஏறினா நான் கதவ மூடாம நிப்பேன்னு அன்னைக்கே உங்கட்ட சொல்லியிருக்கேன். அத எடுத்துக் காட்டுங்க, போதும். வேற ஒண்ணும் நீங்க பேசாண்டாம்."

படிவத்தைத் திறந்தேன். 'நுணுக்கமான கவனம் உடையவர். கடின உழைப்பாளி.' திரையை அவர் பக்கம் திரும்பாதபடி பிடித்துக்கொண்டேன்.

"பார்க்கிறேன் பாய்."

"பாருங்க மேடம். அவசரமில்ல."

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கீதாஜி, படிவத்தில் இருப்பது என் பெயர். ரெஸ்யூமே வந்தது உங்கள் கையிலிருந்து. ரெண்டு பேரும் வாயை மூடினால் ரெண்டு பேரும் இருப்போம்" என்றார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. டீ சொல்லிவிட்டுச் சொன்னார்.

நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்கு வகுப்பு எடுத்தவள்தான் நான். அந்த நான்கு நாளில் என் தலைக்குள் ஓடியது ஒரே கணக்கு: அபர்ணாவுக்குத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஏழு வாரம். ஏழு வாரம் பாய் பொறுத்தால் என்ன? அவருக்கு வேறு இடம் பார்த்துக்கொடுத்துவிட்டால் என்ன? ரெஃபரலாகவே பார்த்துக்கொடுத்துவிடலாமே! இப்படியெல்லாம் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை, அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தயாரிக்கச் சொன்னார்கள். அது என் வேலை. பழைய கடிதம் ஒன்றைத் திறந்து பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். 'வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்ததால்' என்று தட்டினேன். வேண்டுமென்றே. அந்த ஒரு சொல் முழு உண்மை. வேண்டுமென்றேதான் நின்றார். அந்தக் கட்டடத்தில் அன்று வேண்டுமென்று ஏதாவது செய்த ஒரே ஆள் அவர்தான். அதற்கு மேல் என் விரல் ஓடவில்லை. அதே பக்கத்தில் மேலே இருந்ததை அழித்துவிட்டு, எஸ்தருக்காக வந்த அன்று ஜன்னலில் அவர் சொன்னது, நான் தட்டாமல் விட்டது, ரோஹித்தின் ரெஸ்யூமே யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, தானேயில் என் மகள், எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் துணிச்சலெல்லாம் ஒன்றும் வரவில்லை.

கொஞ்சம் பாராட்ட நினைப்பீர்கள். வேண்டாம். அனுப்பும் முன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை வாங்கும்போதும் கேட்கவில்லை. அதை உடைக்கும்போதும் கேட்கவில்லை.

மறுநாள் ரயிலில் விஜி இடம் போட்டு வைத்திருந்தாள். சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"என் பையனைக் காட்டிக்கொடுத்துட்டே."

"என்னையும்தான் விஜி."

"உனக்கென்ன, இருபத்தாறு வருஷம் சம்பாதிச்சாச்சு. அவன் இப்பத்தானேடி ஆரம்பிச்சான். பதினோரு வருஷம் உனக்கு ஜன்னலோரம் இடம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள். முழங்கால் வலியோடு தானே வரை நின்றிருப்பாள். அதன்பின் நாங்கள் பேசவில்லை.

அபர்ணாவிடம் சாயங்காலம் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அந்த ஆன்ட்டி ஃபார்ம்ல என்னை எத்தனை வருஷமா தெரியும்னு போட்டிருக்கா?"

"பதினொண்ணு."

"அப்போ எனக்குப் பதிமூணு வயசும்மா. எட்டாங் கிளாஸ். எட்டாங் கிளாஸ்ல நான் நல்லா வேலை செய்வேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"நீ ஒண்ணும் சொல்லிண்டு இருக்காதே. உங்க ஆபீஸுக்கு ஒண்ணும் தெரியாது."

"பஸ் கரோ அம்மா, போதும்."

மறுநாள் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். ஏழு வாரம் வைத்திருந்தார்கள், மரியாதையாகவே நடத்தினார்கள். முடிந்ததும் நிரந்தரம் செய்யவில்லை. அறைக்கதவு மறுபடி மூடியது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மைதீன் பாயைத் திரும்ப எடுத்தார்கள். மேனேஜரை வேறு கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் போனில் "விடு, விடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். ரோஹித் தானாகவே போய்விட்டான். என்னை விருப்ப ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விருப்பம் அவர்களுடையது. போகும் முன் ஒரு காரியம் செய்தேன்: நான்காவது கேள்வியை அடித்துவிட்டு, 'இவர் யாரிடமாவது முடியாது என்று சொல்லி நீங்கள் பார்த்ததுண்டா? எப்போது?' என்று போட்டேன். ஒரு மாதத்தில் எடுத்துவிட்டார்களாம். கேள்வி எதிர்மறையாக இருக்கிறதாம். காலி இடத்துக்கு எஸ்தரைக் கூப்பிட்டார்கள். "ஒருதடவை வேண்டாம்னீங்க, இப்போ நான் வேண்டாங்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தேரியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங்குக்குத் தலைமையாகச் சேர்ந்தாள்.

போன வாரம் மைதீன் பாயின் போன் வந்தது.

"மேடம், மவளுக்கு வேலை இல்லன்னு கேள்விப்பட்டேன். எஸ்தரு கம்பெனியில கணக்கும் செக்கிங்கும் தெரிஞ்ச ஆளு ஒண்ணு தேடுதாவ. நான் சொன்னா கேப்பா."

"சொல்லுங்க பாய். எப்படி நன்றி..."

"பொறுங்க, பொறுங்க. நான் எப்பிடிச் சொல்ல? அந்தப் புள்ளய நான் பாத்ததே இல்லியே."

"என் பொண்ணு பாய். என்னைத் தெரியுமே உங்களுக்கு."

என்னைத் தெரிந்ததுதான் பிரச்சினை என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

"உங்களத் தெரியும் மேடம். அந்தப் புள்ளயத் தெரியாதுல்லா? எங்க வீட்டுக்குக் கீழ ஒர்க்‌ஷாப்புல சேட்டுட்ட கேட்டிருக்கேன். மூணு நாளு செக்கிங் மேசையில வந்து உக்காரட்டும். நான் போகையில வரையில பாக்குதேன். புடிச்சா சொல்லுதேன். புடிக்கலைன்னா சொல்லமாட்டேன், வருத்தப்படக் கூடாது. நீங்க கூட வராண்டாம்."

அபர்ணாவின் அறைக்கதவைத் தட்டிச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து, "என்ன பார்ப்பாராம்?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

இதை எழுதும்போது இரண்டு நாள் முடிந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டால், "பை, ஜிப்பு, பை, ஜிப்பு" என்கிறாள். நேற்று விரலில் பிளாஸ்திரி. ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிட்டாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்று மூன்றாம் நாள். காலையில் அவளுடைய நல்ல குர்தா ஒன்றை இஸ்திரி போட்டு வைத்தேன். அதை விட்டுவிட்டுப் பழையதைப் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"அம்மா, நீ அந்தப் பாய்க்கோ எஸ்தருக்கோ போன் கீன் பண்ணலையே?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லைடி."

உண்மைதான். நேற்றிலிருந்து போனைப் பரணில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எடுக்க வேண்டுமானால் நாற்காலி போட்டு ஏற வேண்டும். காலையிலிருந்து இரண்டு தடவை நாற்காலி வரை போய்த் திரும்பிவிட்டேன்.